மேல்கோட்டையில் இல்லாத வளைவு

அதிகாரி ஃபான் ராஷ்விட்ஸ் ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திராட்சை பிழியும் ஆலைக்கூடத்து வாசலில் வந்து நின்றபோது, அப்பலோனியா அறுவடைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் ஊர்த்தலைவர் ஹூபெர்ட் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஹூபெர்ட் கையைப் பிசைந்தால் நல்ல சேதி இல்லை என்று வோல்கெனாக் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"இது எந்த இடம்?" என்று அதிகாரி படத்தை நீட்டினார்.

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பழுப்பு மையில் வரைந்த படம். கீழே மோசெல் ஆறு, அதில் ஒரு படகு. ஆற்றுக்கு மேலே பாறை. பாறையின் தலையில் உடைந்த கோபுரமும், கொடி படர்ந்த சுவரும். வலது பக்கம் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு பெரிய கூர்வளைவு. அதன் நடுவே மேகம்.

"எங்க மேல்கோட்டைங்கய்யா. அழகா வரைஞ்சிருக்காங்க."

"கோட்டை எனக்கும் தெரியுது. இந்த வளைவு எங்கே?"

"அங்க வளைவு ஒண்ணும் இல்லீங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நேத்து மேல ஏறிப் போய்ப் பார்த்தேன். இல்லை. போன வருஷம் வரைஞ்ச படத்துல இருக்கு, இப்ப காணோம். எங்க போச்சு?"

சொல்லிவிட்டு அவர் பார்வையை மெதுவாக ஆலைக்கூடத்தின் வாசல் பக்கம் திருப்பினார். புது வாசல். அதன் மேலே ஆப்பு ஆப்பாகச் செதுக்கிய கற்களை அடுக்கிச் சின்னதாக ஒரு வளைவு.

பிரெஞ்சுக்காரர்கள் போய் பிரஷ்யாக்காரர்கள் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை கோட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆளாளுக்குக் கல் பெயர்த்துப் பன்றிக்கூடு கட்டினார்கள். இப்போது பழைய கோட்டைக் கல்லைத் தொடக்கூடாது என்று சட்டம். ராஷ்விட்ஸ் கிழக்கேயிருந்து இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தவர். இடிந்த சுவர் என்றால் அவருக்கு உயிர். நல்ல வீட்டைப் பார்த்தால் முகம் திருப்புவார், கூரையில்லாத வீட்டைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவள் புருஷன் சேர்வாஸ் மரச் சுத்தியலோடு வெளியே வந்தான்.

"ஐயா, நான் பொறந்ததுலேர்ந்து அந்த மலையில ஆடு மேய்ச்சவன். அங்க கோபுரம் இருக்கு, சுவர் இருக்கு, முள்ளு இருக்கு. வளைவு கெடையாது. இந்த வாசக் கல்லு என் பொண்டாட்டி கொண்டு வந்தது. அவ அப்பாவோட ரொட்டிச் சூளை வாய்க்கல்லு."

"சூளை எங்கே இருக்கு? போய்ப் பார்க்கலாமே."

"பனிக்கட்டி உடைஞ்சு வந்த வெள்ளத்துல போயிடுச்சு. கல்லுதான் மிஞ்சுச்சு."

"உன் மாமனார்?"

"அவரும் செத்துப் போயிட்டார்."

"வசதியா இருக்கே" என்றார் அதிகாரி.

"படத்துல அது வானம் வரைக்கும் ஒசந்து நிக்குது. எங்க வாசல்ல ஒரு பசுமாடு குனிஞ்சுதான் போகணும்" என்றாள் அப்பலோனியா. "அளவு ஒத்து வருதாங்கய்யா?"

"உடைச்சுச் சின்னதாக்கியிருக்கீங்க. அது இன்னும் பெரிய குற்றம்." அவர் ஹூபெர்ட்டைப் பார்த்தார். "நீங்க இந்த ஊர்க்காரர்தானே? வளைவைப் பார்த்ததே இல்லையா?"

ஹூபெர்ட் இன்னும் வேகமாகக் கையைப் பிசைந்தார். "சின்ன வயசுல... ஏதோ வளைஞ்சாப்ல ஒண்ணு... பார்த்த மாதிரி ஒரு ஞாபகம்."

"ஏய் ஹூபெர்ட்! நேத்து ராத்திரி என்ன தின்னேன்னு கேட்டா உனக்கு ஞாபகம் இருக்காது" என்று கத்தினாள் அப்பலோனியா.

கத்தி என்ன பயன்? உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. வருகிற திங்கட்கிழமை வாசல் சுவரை இடிக்க வேண்டும். கற்களை மலைக்கு மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும். சேர்வாஸ் மறுத்தால் காவல்.

சுவர் போனால் கூரை போகும். கூரை போனால் உள்ளே இருக்கிற ஆலையில் ஒரு பழம்கூடப் பிழிய முடியாது. அந்த ஊரில் அறுவடை மணி அடிக்கும்வரை யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அடித்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் அறுப்பார்கள். சொந்த ஆலை இல்லாதவன் அடுத்தவன் ஆலை வாசலில் முறை வருகிறவரை காத்துக் கிடக்க வேண்டும். இவர்களுக்கு எப்போதும் கடைசி முறை. காத்திருந்த பழம் அழுகிப் புளித்து, வருஷா வருஷம் இவர்கள் வீட்டுத் திராட்சை ரசத்தைக் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அதனால்தான் இரண்டு பேரும் கல் சுமந்து, மண் குழைத்து, சொந்தமாக ஆலை கட்டினார்கள். இது முதல் அறுவடை. மணி இன்றோ நாளையோ என்று இருந்தது.

அதிகாரி போனதும் சேர்வாஸ் சுத்தியலைத் தரையில் எறிந்தான். "திங்கக்கிழமை வரட்டும். அவன் பல்லைப் பேத்துடறேன்."

"பேத்துட்டு நீ உள்ள போயிடு. நான் ஒத்தையா அறுக்கறேன்" என்றாள் அவள். "அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சுன்னு பார்த்தியா? 'எமரிக், கோப்லென்ஸ். இயற்கையைப் பார்த்து வரைந்தது.' அந்த ஆளை எனக்குத் தெரியும். போன வருஷம் குடையைப் புடிச்சுக்கிட்டு ஆத்தோரம் உக்காந்திருந்தானே, மழையில நனைஞ்சு நம்ம வீட்டுல சூப் குடிச்சானே, அவன்தான்."

"அந்தக் கொக்கா?"

"அந்தக் கொக்குதான். நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

மறுநாள் காலை பீப்பாய் ஏற்றிப் போகிற படகில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு ரொட்டி, வெங்காயம். வழியெல்லாம் இரண்டு கரையிலும் பழுத்த திராட்சை தொங்கியது. மற்ற வருஷமாக இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். இப்போது ஒவ்வொரு குலையும் அவளைப் பார்த்து எப்போது, எப்போது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

கோப்லென்ஸில் கேட்டுக் கேட்டு, ஒரு சந்துக்குள் மாடி ஏறி அவனைக் கண்டுபிடித்தாள். அறை முழுக்கப் புகைக்கரி வாசம். சுவரெல்லாம் இடிந்த கோட்டைகள். எமரிக் ஒல்லியாக, விரல் நுனியெல்லாம் பழுப்பு மையாக நின்றான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா, வாங்க! அந்த சூப்பை நான் மறக்கவே இல்லை. பூண்டு போட்டிருந்தீங்க. படம் ஏதாவது வேணுமா?"

"ஒரு படமே போதும் ஐயா. அதுக்கே எங்க வீடு இடியப் போகுது."

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. கடைசியில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"வலது பக்கம் வெறுமையா இருந்துச்சும்மா" என்றான்.

"என்னது?"

"படத்துல. இடது பக்கம் கோபுரம் இருக்கு. வலது பக்கம் ஒண்ணுமே இல்லை. படம் ஒரு பக்கமா சாஞ்சு விழற மாதிரி இருந்துச்சு. அதான்..."

"வெறுமையா இருந்தா வெறுமையா விட வேண்டியதுதானே!"

"ரைன் கரையில ஒரு மடம் பாதி இடிஞ்சு கிடக்கு. அந்த மடத்து வளைவு ரொம்ப அழகு. அதைக் கொண்டுவந்து உங்க கோட்டையில வச்சேன்."

"நீங்க அங்கேயிருந்து தூக்கிட்டு வந்து வைப்பீங்க, இப்ப என் புருஷன் திருடனா?"

ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றான் எமரிக்.

"கடுதாசி எல்லாம் வேண்டாம். நீங்க நேர்ல வந்து சொல்லணும்."

"அம்மா, உங்களுக்குப் புரியலை. நான் அதிகாரிங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்துத்தான் சாப்பிடறேன். எல்லாப் படத்துலயும் 'இயற்கையைப் பார்த்து வரைந்தது'ன்னு எழுதியிருக்கேன். இது தெரிஞ்சா ஒருத்தரும் வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அப்பலோனியா இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து ரொட்டியை எடுத்தாள். வெங்காயத்தை எடுத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சாப்பிடறேன். நீங்க கெளம்புற வரைக்கும் நான் இங்கதான் இருக்கப் போறேன். நாளைக்குப் பொண்ணுங்க படம் வரைய வருவாங்க இல்ல? வரட்டும். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

அவன் எழுந்து போய் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அந்தக் குடையையும் எடுத்துக்கோங்க. வானம் மூட்டமா இருக்கு" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை ஆலைக்கூடத்து முன்னால் ஊரே கூடிவிட்டது. கடப்பாரையோடு இரண்டு கொத்தனார்கள். ஒரு காவலர். அதிகாரியோடு அவர் மனைவியும் வண்டியில் வந்திறங்கினாள். கற்களை மறுபடி மேலே கொண்டுபோவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம்.

எமரிக் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். முழுதாகச் சொன்னான். வளைவு அங்கே இருந்ததே இல்லை, அது வேறு இடத்து வளைவு, அழகுக்காகச் சேர்த்தேன், கீழே எழுதியது பொய், மன்னிக்க வேண்டும்.



அதிகாரி புன்னகைத்தார். எமரிக்கின் தோளைத் தட்டினார். "கலைஞர்களுக்கே உள்ள இளகின மனசு. இந்தம்மா உங்ககிட்ட வந்து அழுதிருக்காங்க. நீங்க இரக்கப்பட்டு உங்க பேரையே கெடுத்துக்கறீங்க. நான் இதை மனசுல வச்சுக்கறேன்."

"இல்லீங்க, நான் நிஜமாவே..."

"எமரிக், நானே அந்த வளைவுக்குக் கீழே நின்னு அழுதிருக்கேன்" என்றாள் அதிகாரியின் மனைவி. "கல்யாணம் ஆன புதுசுல. இவர் பக்கத்துல நின்னார். மேகம் உள்ளே புகுந்து போச்சு. அதைப் போய் இல்லைன்னு சொல்றீங்களே!"

"எனக்கும் இப்ப நல்லாவே ஞாபகம் வருது" என்றார் ஹூபெர்ட்.

"நீ வாயை மூடுறியா இல்லையா?" என்றான் சேர்வாஸ்.

கொத்தனார்களில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கி வாசல் கல்லின் இடுக்கில் வைத்தான். இரும்பு கல்லில் உரசிய சத்தம் அப்பலோனியாவின் பல்லுக்குள் கூசியது. சேர்வாஸ் ஒரு அடி முன்னால் வைத்தான். அவள் அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது எமரிக் திடீரென்று உரக்கச் சொன்னான். "அந்த வளைவோட ஒரு கால் எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"படத்தைப் பாருங்க ஐயா. இடது கால் சுவர்மேல நிக்குது. வலது காலை எங்க ஊன்றதுன்னு எனக்குத் தெரியலை. அதனாலதான் ஒரு புதரைப் போட்டு மறைச்சேன். அந்தப் புதரும் அங்க கெடையாது."

அதிகாரி படத்தை உயர்த்திப் பார்த்தார். உண்மையிலேயே வளைவின் வலது கால் ஒரு அடர்ந்த புதருக்குள் போய் மறைந்திருந்தது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது அப்பலோனியா எதிர்பார்த்த வெளிச்சம் இல்லை.

"அப்படின்னா அடித்தளம் இன்னும் அங்க மண்ணுக்குள்ள இருக்கும்! மேல் கல்லைத்தான் எடுத்திருப்பான், அடிக்கல்லை எடுத்திருக்க மாட்டான். வாங்க, காட்டறேன். எல்லாரும் வாங்க!"

கடப்பாரை கீழே இறங்கியது. ஊர்வலம் மாதிரி எல்லாரும் மலை ஏறினார்கள். சரிவு முழுக்கப் பலகைக்கல் துண்டுகள் காலில் வழுக்கின. அதிகாரியின் மனைவி பாதி வழியில் மூச்சு வாங்க, அப்பலோனியா கை கொடுத்து ஏற்றிவிட்டாள். பாதையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேலே கோபுரம், சுவர், முள். காற்று பலமாக அடித்தது. எமரிக் தான் உட்கார்ந்திருந்த கோணத்தைச் சொல்ல, அதிகாரி அதற்குத் தக்கபடி திரும்பி நின்று, படத்தை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதோ கோபுரம். இதோ சுவரோட முனை. இங்கதான் இடது கால். சரியா?"

"சரிங்க."

"வளைவு இவ்வளவு அகலம். அப்ப வலது கால் இந்தப் பக்கம்." அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வலது பக்கம் நடக்க ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம். புல் இருக்கு பாருங்க, புல் இருந்தா மண் இருக்கும், மண் இருந்தா கீழ கல்லு இருக்கும். இன்னும் கொஞ்சம்..."

"ஐயா, அங்க வேண்டாங்க" என்றான் சேர்வாஸ்.

"பயமா இருக்கா? இருக்கத்தான் செய்யும்!"

அப்பலோனியா யோசிக்கவில்லை. இரண்டு எட்டில் பாய்ந்து, அவர் கோட்டின் பின்வாலை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். அதிகாரியின் வலது கால் புல்லை மிதித்தது. புல் கீழே போனது. கால் காற்றில் ஆடியது. தையல் விட்ட சத்தம் கேட்டது. அதற்குள் சேர்வாஸ் வந்து அவளைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக முள்ளில் விழுந்தார்கள்.

அதிகாரியின் உயரத் தொப்பி மட்டும் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிப் போய், பாறையில் ஒரு தட்டு தட்டி, சுழன்று சுழன்று மோசெலில் விழுந்தது.

கீழே ஆற்றிலிருந்து ஒரு படகுக்காரன் குரல் வந்தது. "ஏய்! மேல யாருப்பா? தலையும் வருதா, இல்ல தொப்பி மட்டுந்தானா?"

அதிகாரி முழங்காலிட்டு விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார். நேர்ச் செங்குத்து. கீழே தண்ணீர். படத்தில் புதர் இருந்த இடத்தில் ஒரு பருந்து மிதந்துகொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், பருந்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆக, இது ஆகாயத்துல நிக்குது" என்றார் மெல்லிய குரலில்.

"ஆமாங்க" என்றான் எமரிக். "அதைத்தான் கீழேயே சொன்னேன்."

"அப்ப நான் எங்க நின்னு அழுதேன்?" என்று கேட்டாள் அதிகாரியின் மனைவி. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் அழுதது பொய்யா?"

எமரிக் அவள் பக்கம் திரும்பினான். "கல்யாணம் ஆன புதுசுல ரைன் பக்கம் போனீங்களாம்மா? மலைக்கு நடுவுல ஒரு இடிஞ்ச மடம். பக்கத்துல ஒரு ஓடை. வாத்து எல்லாம் மேயும்."

அவள் வாயில் கை வைத்தாள். "வாத்து! இவர் தொப்பியை வாத்து கடிச்சுச்சு! ஆமா, அங்கதான். அங்கேதான்." அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீரும் வந்தது. "நமக்கு ஞாபகம் சரியாத்தான் இருக்கு. இடம்தான் மாறிப் போச்சு."

அதிகாரி எழுந்து முள்ளைத் தட்டிவிட்டார். தலையில் தொப்பி இல்லாமல் அவர் வேறு ஆள் மாதிரி இருந்தார், முன் வழுக்கையோடு, கொஞ்சம் வயதானவராக. ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பாறை சரிஞ்சிருக்கு. வளைவும் அதோட ஆத்துல விழுந்திருக்கணும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி."

எமரிக் வாயைத் திறந்தான். சேர்வாஸும் திறந்தான். அப்பலோனியா புருஷனின் காலை மிதித்தாள், ஓவியனை முறைத்தாள்.

"ஆமாங்கய்யா" என்றாள். "ரொம்ப காலத்துக்கு முன்னாடி."

"எங்க தாத்தா சொல்லுவாரு, பெரிய சத்தம் கேட்டுச்சாம்" என்றார் ஹூபெர்ட்.

"அப்ப கீழ இருக்கற வாசலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார் அதிகாரி. "உத்தரவு ரத்து." பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் அப்பலோனியாவிடம், "உனக்கு நல்ல கைப்பிடிம்மா" என்றார்.

"கூடை தூக்கற கைங்கய்யா" என்றாள் அவள். "கோட்டுக் கிழிசலைத் தைச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." அவர் கிழிந்த வாலைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியோடு இறங்கிப் போனார்.

எல்லாரும் கீழே வந்தபின், வண்டி சந்து திரும்பி மறைகிறவரை அப்பலோனியா நிமிர்ந்து நின்றாள். மறைந்ததும் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேர்வாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"வலிக்குதா?"

"வலிக்கட்டும். நல்லா இருக்கு."

எமரிக் குடையோடு தயங்கித் தயங்கி வந்தான். "நான் கெளம்பட்டுமா? படகு கெடைக்குமான்னு பார்க்கணும்."

"எங்க கெளம்புறது?" என்றான் சேர்வாஸ். "எங்களை ஒரு வாரம் தூங்க விடலை நீ. மணி அடிச்சதும் ரெண்டு நாள் முதுகுக்கூடை தூக்கு. அப்புறம் எந்த ஊர் வளைவையாவது எங்கேயாவது கொண்டுபோய் வை, நாங்க கேக்க மாட்டோம்."

"எனக்கு முதுகு ஒத்துக்காதுங்க."

"எனக்குந்தான் ஒத்துக்கல, அஞ்சு நாளா" என்றாள் அப்பலோனியா. "பூண்டு போட்டு சூப் வச்சுத் தரேன். இரு."

மணி புதன்கிழமை காலையில் அடித்தது. ஊர் முழுக்கக் கத்தரிக்கோலும் கூடையுமாகத் தோட்டத்துக்கு ஓடியது. எமரிக் சரிவில் மூன்று முறை வழுக்கி விழுந்தான். விழுந்த ஒவ்வொரு தடவையும் மேலே இருந்த பெண்கள், பழம் பத்திரமா, பழம் பத்திரமா என்று கேட்டார்கள். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆலையின் தொட்டி நிறைந்துவிட்டது. இந்த வருஷம் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, எந்த வாசலிலும் நிற்கவில்லை.

சேர்வாஸும் பக்கத்து வீட்டுக்காரனும் பழத்தை நசுக்கும் பெரிய மரத்திருகைத் தள்ளிச் சுற்றினார்கள். மரம் முனகியது. ஒரு சுற்று. ஒன்றும் வரவில்லை. இன்னொரு சுற்று. அப்பலோனியா தொட்டியின் வாயருகே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு நூல், பிறகு கட்டைவிரல் தடிமனுக்குச் சாறு பொன்னிறமாக வாளியில் விழ ஆரம்பித்தது.

அவள் கோப்பையில் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

"என்ன, புளிக்குதா?" என்று திருகைப் பிடித்தபடியே கேட்டான் சேர்வாஸ்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கோப்பையை மறுபடி நிறைத்து அவனிடம் நீட்டினாள்.